ஏசிக் கொஞ்சிய செவிலி

"மூதி என்றாள், அரசே. இளவரசரைப் பார்த்து மூதி என்றாள்."

"புலவரே, கொஞ்சம் பொறும், அது கொஞ்..."

"மூதேவி என்பதன் கொச்சை அது. சவத்து மூதி என்றும் சொன்னாள். என் இரு காதாலும் கேட்டேன்."

"...சல் என்றுதான் சொல்ல வந்தேன். விடமாட்டீரே."

முன்பு ஒரு நாட்டில், எந்த நாடென்று கேட்காதீர்கள், அரசவையில் இப்படிப் பேச்சின் மேல் பேச்சு ஏறிக்கொண்டிருந்தது. ஒருவர் அவைப் புலவர் திருவம்பலர். மற்றவன் விகடன் சாத்தப்பன். நடுவில் தலைகுனிந்து நின்றவள் இளவரசனை வளர்க்கும் செவிலி உலகம்மை, தெற்குச் சீமைக்காரி. சாத்தப்பன்தான் அவளைத் தன் ஊரிலிருந்து அழைத்து வந்து அரண்மனையில் சேர்த்தான். அவள் போனால் அவனும் போக வேண்டும். புலவர் காத்திருந்ததும் அதற்குத்தான்.

"என் மகனை இழித்துப் பேசினாயா?" என்றார் அரசர்.

"இல்ல சாமி. எங்க ஊர்ல புள்ளைய அழகுன்னு சொன்னா கண்ணு பட்டுரும்லா. அதான் ஏசி ஏசிக் கொஞ்சுவோம்."

"கேட்டீர்களா? ஏசியதை அவளே ஒப்புக்கொண்டாள்" என்றார் புலவர்.

அரசரின் முகம் கறுத்தது. "பொழுது சாய்வதற்குள் இவள் எல்லையைத் தாண்ட வேண்டும். இவளுக்குப் பிணை நின்ற நீயும்தான், சாத்தப்பா."

சாத்தப்பன் குனிந்து வணங்கினான். "ஆகட்டும், அரசே. ஆனால் வசைபட்டவர் நேரில் வந்து முறையிட்டால்தான் வழக்கு என்பது தாங்கள் போட்ட சட்டம். வசைபட்டவரை இன்னும் காணோமே."

"அவன் எட்டு மாதக் குழந்தையடா."

"அழத் தெரியுமே. அதுவே முறையீடு. புலவர் புகழட்டும், இவள் ஏசட்டும், யார் பேச்சுக்கு அழுகிறார் என்று பார்ப்போம்."

இளவரசனைத் தூக்கி வந்தார்கள். முதலில் புலவர் குனிந்து, "செங்கோல் ஏந்தப் பிறந்த சிங்கமே, செந்தாமரை முகத்தோனே" என்று முழங்கினார். குழந்தை அவர் தாடியை ஒருமுறை பார்த்தது. உதடு பிதுங்கியது. பிறகு வீறிட்ட வேகத்தில் மாடத்துப் புறாக்கள் எழுந்து பறந்தன.

"புலவர் மேல் முறையீடு வந்துவிட்டது" என்றான் சாத்தப்பன். "உலகம்மா, இனி நீ ஏசு."

அவள் அரசரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

"ஏல, சவத்து மூதி" என்றாள். "என்னத்துக்குல இப்பிடி அழுவுத?"

அழுகை பாதியில் நின்றது. முளைத்த இரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு குழந்தை அவள் பக்கம் தாவியது.

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சரிந்தது. தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தம் தோளில் கிடந்த பட்டைச் சாத்தப்பனுக்குப் போர்த்தினார். பிறகு மகனின் கன்னத்தைத் தொட்டு, யாருக்கும் கேட்காது என்று நினைத்துச் சபைக்கே கேட்கும்படி சொன்னார்.

"ஏல... மூதி. உலகம்மா, நான் சரியாகச் சொல்கிறேனா?"