துடைத்த கணினியில் தேறிய பரீட்சை

நியாயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் காதைக் கொடுங்கள். கடைசியில் தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன்.

மதுரையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். நூலகக் கணினிகளுக்கு இயங்குதளம் செய்து கொடுப்பது அதன் தொழில். அதன் புதிய பதிப்பு இன்னும் அரைவேக்காடு. பழைய பதிப்பு ஓடும் கணினியில் அதை ஏற்றினால், உள்ளே இருக்கும் கோப்புகள் கெடாமல் மேலேறுகிறதா என்று சோதிக்க வேண்டும். சோதிக்க வேண்டியவர்கள் திரவியம், செபாஸ்டின், மெஹ்ருன்னிசா என்ற மூன்று ஒப்பந்த ஊழியர்கள். மூவரில் ஒருவருக்குத்தான் நிரந்தர வேலை. யாருக்கு என்று கையெழுத்துப் போட வேண்டியவள் குழுத் தலைவி அங்கயற்கண்ணி.

முதலில் வந்தது திரவியத்தின் அறிக்கை. 'முழு வெற்றி. ஒரு குறையும் இல்லை.' அங்கயற்கண்ணி அவன் கணினியைத் திறந்து பார்த்தாள். பழைய கோப்பு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவியிருந்தான்.

"ஏன்ப்பா, வீட்டை இடிச்சுப் புதுசாக் கட்டிட்டு, பழைய கூரை ஒழுகலைன்னு எழுதுவியா?"

"வெர்ஷன் நம்பர் புதுசு காட்டுதுல்ல மேடம்? அது போதும்," என்று பல்லை இளித்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, மறைத்த கைக்கு மோதிரமும் கேட்கிற ஆள்! அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, மேலாளர் கிருபாகரன் அந்த அறிக்கையை எல்லோருக்கும் அனுப்பி மெச்சியது.

செபாஸ்டின் ஏமாற்றவில்லை. சோதனைக்கு முந்தின நாள்தான் ஒரு வெற்றுக் கணினியில் பழைய பதிப்பை நிறுவி, அதன்மேல் புதியதை ஏற்றினான். தடங்கலில்லாமல் ஏறியது. கணினியில் வேறெதுவும் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதினான். எந்த நூலகத்தில் அப்படியொரு கணினி இருக்கிறது என்றுதான் அவன் யோசிக்கவில்லை.

மெஹ்ருன்னிசா வந்து கேட்டாள். "அக்கா, நாலஞ்சு வருசம் புழங்குன மெஷின் ஒண்ணு வேணும். நகல் எடுத்து வைக்க ஒரு டிஸ்க்கும் வேணும்."

"இருக்கிறத வச்சுப் பாரும்மா," என்று அனுப்பிவிட்டாள் அங்கயற்கண்ணி.

இருந்தது மெஹ்ருன்னிசா தினமும் வேலை செய்யும் கணினிதான். வேலைக் கணினியில் அரைவேக்காட்டை ஏற்றக் கூடாது என்பது அங்கே சுவரில் ஒட்டியிருக்கும் விதி. ஆனாலும் ஏற்றினாள். வருடக்கணக்கில் சேர்ந்த கோப்புகளால் இடம் பற்றாமல் பாதியில் நின்றது. பிறகு அந்தக் கணினி எழவே இல்லை. அதில் வைத்திருந்த குழுவின் இரண்டு வாரக் குறிப்புகளும் அதோடு போயின. 'தோல்வி. இடம் போதுமா என்று பார்க்காமலே ஏறத் தொடங்குகிறது. விதியை மீறியது நான்,' என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை கிருபாகரன் வந்தார். "பாஸ் காட்டுனவனுக்கு வேலையக் கொடுங்க. குறிப்பைத் தொலைச்ச புள்ளைக்கு மெமோ கொடுங்க. ரெண்டு கடிதமும் மதியத்துக்குள்ள என் டேபிளுக்கு வரணும்."

இப்போது சொல்லுங்கள். மூவரில் யார் செய்தது சரி? வேலை யாருக்கு, மெமோ யாருக்கு?

விடை: திரவியம் சோதிக்கவே இல்லை, அவன் அறிக்கை குப்பைக்கூடைக்கு. செபாஸ்டின் சொன்னது உண்மை, ஆனால் எந்த நூலகத்துக்கும் உதவாத உண்மை. ஊரிலுள்ள கணினிகள் எங்கே விழும் என்று கண்டு சொன்னவள் மெஹ்ருன்னிசா ஒருத்திதான், வேலை அவளுக்கே. விதியை மீறியது தப்புதான். ஆனால் நகல் எடுக்க டிஸ்க் கேட்டவளை வெறுங்கையோடு அனுப்பியது யார்? அதை நினைத்தபோது அங்கயற்கண்ணிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வேலைக் கடிதத்தில் மெஹ்ருன்னிசாவின் பெயரை எழுதினாள். மெமோவில் தன் பெயரை எழுதி, இரண்டையும் கொண்டுபோய் மேலாளரின் மேசைமேல் வைத்தாள்.