கடலாயி வாசலில் இருந்த சிப்பி மேடு

நண்டும் சிப்பியும் மனிதரோடு வாய்கொடுத்துப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு கழிமுகத்தின் கரையில் கடலாயி என்றொருத்தி இருந்தாள். சிப்பி என்றால் அவளுக்கு உயிர். காலையில் அவித்துத் தின்பாள், மாலையில் வறுத்துத் தின்பாள். ஓடுகளை வாசலில் கொட்டுவாள். வருஷக்கணக்கில் கொட்டிக் கொட்டி அந்த மேடு குடிசையைவிட உயர்ந்துவிட்டது.

"தோணிக்காரங்களே என் மேட்டைப் பாத்துத்தான் கரை திரும்புறாங்க" என்று அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

கழிமுகத்தின் அடியிலோ வெறும் சேறுதான் மிச்சம். பிறந்த சிப்பிக்குஞ்சுகள் உட்கார இடமில்லாமல் அலைந்தன. சேற்றில் உட்கார்ந்தவை மூச்சுமுட்டிச் செத்தன.

ஒருநாள் அவள் புருஷன் மாசானம் முழங்கால் தண்ணீரில் நின்று வலை வீசினான். கல் மாதிரி இரண்டு கால்கள். குஞ்சுகள் விடுமா? ஆயிரக்கணக்கில் ஏறி ஒட்டிக்கொண்டு, அவனைத் தரையோடு பிணைத்துவிட்டன.

"ஏ புள்ளே! கால் அசைய மாட்டேங்குது!"

கடலாயி அரிவாளோடு ஓடிவந்தாள்.

"சுரண்டாதே அக்கா," என்றன குஞ்சுகள். "எங்க அப்பன் ஆத்தா முதுகுல உட்கார வேண்டியவங்க நாங்க. அவங்க ஓடெல்லாம் உன் வாசல்ல கிடக்கு. அதைக் குடு, மச்சானை விட்டுடுறோம்."

கடலாயி புருஷனைப் பார்த்தாள். மேட்டைப் பார்த்தாள். மறுபடியும் மேட்டையே பார்த்தாள்.

"என்னடி யோசனை?"

"இரு, அவசரப்படாதே."

கடல் ஏறத் தொடங்கியது. தண்ணீர் மாசானத்தின் இடுப்பைத் தொட்டது, மார்பைத் தொட்டது. மீசை நனைந்தபோதுதான் கடலாயி வாசலுக்கு ஓடினாள். நேற்றுத் தின்று போட்ட ஓடுகளை அள்ளி வீசினாள்.

"ஐயே, நாத்தம்! வெயில்ல காய்ஞ்சது வேணும்!" என்று கத்தின குஞ்சுகள்.

வேறு வழியில்லை. மேட்டில் ஏறி, வெளுத்துக் காய்ந்த பழைய ஓடுகளைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டினாள். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு பாட்டம் அழுதாள். குஞ்சுகள் காலை விட்டு ஓடுகளுக்குத் தாவின. மாசானம் இருமிக்கொண்டே கரையேறி, "எத்தனை கூடை யோசிச்சே?" என்று கேட்டான்.

மறுவருஷம் அந்த ஓடுகளின்மேல் சிப்பிகள் சுவர்போல வளர்ந்தன. நண்டு வந்தது, இறால் வந்தது, குடிசையை அரித்த அலையும் அடங்கியது.

அன்று முதல்தான் சிப்பிக்குஞ்சு மூத்தவர்களின் ஓட்டைத் தேடிப் பிடித்து உட்காருகிறது. அந்தக் கரைப் பெண்களும் தின்ற ஓட்டை வெயிலில் காயவைத்து, புருஷன் தண்ணீரில் இறங்குமுன் கழிமுகத்தில் கொட்டிவிடுகிறார்கள்.