இரண்டாவது கோல் காப்பாளன்

2020 மார்ச் 11, புதன்கிழமை, காலை பத்து மணி. பனித்தரையில் இருபது பேர் பயிற்சியில் இருந்தார்கள். இருபத்தோராவது ஆளான சேயோன் வலைக்கு முன்னால் நின்றுகொண்டு, வந்ததையெல்லாம் கோட்டைவிட்டான்.

வந்தது பந்து அல்ல. பனி ஹாக்கியில் பந்து கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு ரப்பர் வட்டுதான். உறைந்து கல்லான அந்த வட்டு முகத்துக்கு நேரே வரும்போது கண்ணை மூடாமல் நிற்பதற்குத்தான் காப்பாளனுக்குச் சம்பளம்.

சேயோன் ஹெரன்ஸ் அணியின் இரண்டாவது காப்பாளன். கனடாவின் வடக்கே, நிக்கல் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு நகரத்தின் தொழில்முறை அணி அது. முதல் காப்பாளன் மிக்கோ, பின்லாந்துக்காரன். அந்தப் பருவம் முழுக்க மிக்கோதான் வலையில் நின்றான். சேயோன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஆட்டக்காரர்கள் வந்துபோகச் சின்னக் கதவைத் திறந்து மூடினான்.

"எங்க வாட்ச்மேன்" என்பான் அணித்தலைவன் புஷார்ட். எல்லோரும் சிரிப்பார்கள். சேயோனும் சிரிப்பான்.

அன்று மாலை ஏழு மணிக்கு ஆட்டம். வென்றால் இறுதிச் சுற்றுகள். அந்த ஊர் அதைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் ஆரபி. சேயோனைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள். பெண்கள் அணியில் வலை காத்து, முழங்கால் போன பிறகு ஆண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தவள். இருவருமே தமிழர் நிறைந்த ஸ்கார்பரோ பகுதியில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். அணியில் வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. நாலு பேர் நடுவில் நின்றே ரகசியம் பேசலாம்.

"என்ன, கண் எங்க நிக்குது?" என்றாள்.

"நித்திரை இல்லை அக்கா."

"வீட்டில கலியாணம் பேசினமோ?"

"பகிடி விடாதேங்கோ." சேயோன் முகக்கவசத்தைத் தூக்கினான். "ஒரு கேள்வி."

"கேளும்."

"ஒருத்தன் தன்ர விசயம் ஒண்டை மறைக்கச் சொல்லிக் கேக்கிறான். மறைச்சா மற்றவைக்கு ஆபத்து வரலாம். வராமலும் போகலாம். என்ன செய்யிறது?"

"ஆர் அவன்?"

"ஒருத்தரும் இல்லை. சும்மா கேட்டனான்."

"சும்மா கேக்கிறவனுக்கு நித்திரை வரும்" என்றாள் ஆரபி. அடுத்த வட்டை அடித்தாள். அதுவும் உள்ளே போனது. "பின்னேரம் கேளும்."

விஷயம் இதுதான். சேயோனுக்கும் மிக்கோவுக்கும் அணி ஒரே வீட்டைக் கொடுத்திருந்தது. திங்கட்கிழமை காலை மிக்கோ சமையலறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றான். பல் கிட்டிப்போய் நடுங்கினான். சேயோன் வெப்பமானியை நீட்டினான். முப்பத்தொன்பது காட்டியது.

"மேலுடல்" என்றான் மிக்கோ. "யாராவது கேட்டால் அவ்வளவுதான்."

அது அந்த ஆட்டத்தின் வழக்கம். விலா முறிந்தாலும் தோள் கழன்றாலும் வெளியே சொல்வது மேலுடல் காயம். முழங்கால் போனால் கீழுடல். எந்த இடம் என்று தெரிந்தால் எதிரணிக்காரன் அந்த இடத்திலேயே வந்து இடிப்பான். அதனால் ஒருவன் காயத்தை மற்றவன் சொல்ல மாட்டான். புஷார்ட் முன்பு ஒரு பருவத்தில் உடைந்த தாடையோடு ஆடினான். உறிஞ்சுகுழல் வழியாகக் கஞ்சி குடித்தான். ஊர் அவனைக் கொண்டாடியது.

மிக்கோ மாத்திரை போட்டான். காய்ச்சல் இறங்கியது, பிறகு ஏறியது. மறுநாளும் அப்படியே. இருமும்போது தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சேயோன் அந்தக் குளிரிலும் தன் அறை ஜன்னலைத் திறந்து வைத்தான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரே புட்டியில் தண்ணீர் குடித்தது ஞாபகம் வந்து வந்து போனது. எச்சில் விழுங்கும்போதெல்லாம் தொண்டை வலிக்கிறதா என்று பார்த்தான்.

அடியில் இன்னொரு பயமும் கிடந்தது. மிக்கோ விலகினால் வலையில் நிற்கப்போவது யார்? சேயோன் வாயைத் திறந்தால் அதற்காகத்தான் திறந்தான் என்பார்கள். அப்படி இல்லை என்று அடித்துச் சொல்ல அவனாலேயே முடியவில்லை.

மாலை ஐந்து மணிக்கு உடைமாற்றும் அறை நிறைந்திருந்தது. மூலையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இத்தாலியில் ஒரு ஆஸ்பத்திரி நடைக்கூடம், இரண்டு பக்கமும் கட்டில்கள். இது உலகத்துக்கே பரவிய கொள்ளைநோய் என்று அன்றுதான் அறிவித்திருந்தார்கள்.

"வானிலையைப் போடுங்கப்பா" என்றான் புஷார்ட். "பிணத்தைப் பார்த்துக்கிட்டு எவன் கோல் அடிப்பான்?"

கை கழுவும் மருந்தை ஒருவன் வால்டரின் வழுக்கைத் தலையில் பீய்ச்சினான். வால்டர் அணியின் பொருள்களைப் பார்த்துக்கொள்பவர், இதயத்தில் அறுவை செய்துகொண்டவர். "தேய்ச்சு விடு, முடி வளருதா பார்ப்போம்" என்றார். சிரிப்பு எழுந்தது.

மிக்கோ சிரிக்கவில்லை. குனிந்து கால் காப்பைக் கட்டிக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது.

வால்டர் தண்ணீர்ப் புட்டிகளை வரிசையாக நிரப்பினார். மிக்கோவின் புட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அவர் அதன் முனையை வாயில் வைத்து ஊதினார்.

சேயோன் எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்து கதவருகே நின்ற ஆரபியிடம் போனான்.

"அக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு."

"எதுக்கு?"

"காட்டிக்குடுத்தவன் எண்டு சொல்லுவினம்."

ஆரபி அவன் கையிலிருந்த மட்டையை வாங்கினாள். காப்பாளனின் மட்டை அகலம், கனம். அதை ஓங்கிச் சிமெந்துத் தரையில் மூன்று முறை அறைந்தாள்.

அறையில் இருந்த எல்லோரும் சட்டென்று தோளுக்கு மேலாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

அது ரத்தத்தில் ஊறிய பழக்கம். எதிரணியில் ஒருவன் தப்பாட்டம் ஆடினால் ஓரத்துத் தண்டனைப் பெட்டியில் இரண்டு நிமிடம் உட்கார வேண்டும். நேரம் முடிந்ததும் அவன், முன்னேறி ஆடிக்கொண்டிருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் வந்து இறங்குவான். அவர்களுக்குத் தெரியாது. தூரத்தில் வலையில் நிற்கும் காப்பாளனுக்குத் தெரியும். அவன் மட்டையால் தரையை அறைந்து எச்சரிப்பான்.

மிக்கோவும் திரும்பினான். திரும்பிய வேகத்தில் இருமல் வந்தது. துவாயை வாயில் திணித்து அடக்கினான்.

"ஆரபி, பைத்தியமா உனக்கு?" என்று கத்தினான் புஷார்ட்.

"மட்டையில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன்" என்றாள் ஆங்கிலத்தில். பிறகு தமிழில், தாழ்ந்த குரலில்: "அடிச்சது ஆரெண்டு முதல்ல எத்தின பேர் பாத்தவை?"

"ஒருத்தரும் இல்லை."

"எங்க பாத்தவை?"

"பின்னால."

மட்டையை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்கு வலை வேணுமெண்டுதான் சொன்னனான் எண்டு கதைப்பினம் அக்கா."

"கதைப்பினம்."

"அது முழுப் பொய்யும் இல்லை. எனக்கு வேணும்தான்."

"தெரியும்."

"அப்ப நான் என்ன செய்ய?"

ஆரபி வெளியே போய் நடைபாதைச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

மருத்துவரின் அறை அந்த நடைபாதையின் கடைசியில். காப்பாளனின் கால் காப்புகளோடு நடப்பது யானை நடப்பது போல. சேயோன் அவளைக் கடந்து நடந்தான். கதவைத் தட்ட முடியாமல் நின்றான். உள்ளே மருத்துவர் யாரோடோ தொலைபேசியில் சிரித்துப் பேசுவது கேட்டது. திரும்பிவிடலாம் என்று நினைத்தான். திரும்பினால் ஆரபியின் முகத்தைப் பார்க்க வேண்டும். தட்டினான்.

"மிக்கோவுக்குக் காய்ச்சல். மூன்று நாளாக" என்றான்.

மருத்துவர் சிரிப்பை நிறுத்தினார்.

முகமூடி போட்டுக்கொண்டு அவர் உடைமாற்றும் அறைக்குள் வந்தார், பின்னால் சேயோன். மிக்கோவின் நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்தார். பார்த்தார். மறுபடி பிடித்தார். "எழுந்து வா" என்றார்.

மிக்கோ கால் காப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தான். கதவருகே சேயோனின் முன்னால் நின்றான்.

"வலை உனக்குத்தான்" என்றான். "கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன்."

அறையில் இருந்த எல்லோரும் இப்போது சேயோனைத்தான் பார்த்தார்கள். புஷார்ட் காறிக் குப்பைத் தொட்டியில் துப்பினான். வால்டர் மட்டும் கையிலிருந்த புட்டியைப் பார்த்தார். பிறகு அதை மெதுவாகக் கீழே வைத்தார்.

சேயோன் முழு உடுப்போடு உட்கார்ந்திருந்தான். ஆட்டம் தொடங்க அரை மணி இருக்கும்போது அதை ரத்து செய்தார்கள். வந்திருந்த கூட்டம் கூச்சலிட்டுக்கொண்டே கலைந்தது. மறுநாள் லீக் பருவத்தையே நிறுத்தியது.

எல்லோரும் அவரவர் வீட்டில் அடைபட்டார்கள். மிக்கோ இல்லாத வீட்டில் சேயோன் தனியாக இருந்தான். மிக்கோ ஆஸ்பத்திரியில், பிராணவாயுக் குழாயோடு. அவன் கேட்டபடியே மறைத்து ஆடவிட்டிருந்தால் பனியிலேயே இதயம் நின்றிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாகக் கேள்வி. அணியின் குழுச் செய்திகளிலிருந்து சேயோனை யாரோ நீக்கியிருந்தார்கள். வால்டருக்கு லேசாகக் காய்ச்சல் என்ற சேதிகூட ஆரபி சொல்லித்தான் தெரிந்தது.

அவள் தொலைபேசியில் அழைத்தபோது சேயோன் வெப்பமானியைக் கக்கத்தில் வைத்திருந்தான்.

"சாப்பிட்டீரோ?"

"நீங்கள் மட்டையால அடிச்சுக் காட்டினது பிழை அக்கா" என்றான். "எல்லாரும் என்னைத்தான் பாத்தவை."

"ஓம். கண்டனான்."

"மிக்கோ எண்டு உங்களுக்கு முதலே தெரியும்தானே?"

"திரும்பேக்க இருமினவன். அப்பவே தெரியும்."

"அப்ப ஏன் நீங்களே போய்ச் சொல்லேல்ல? நீங்கள் சொல்லியிருந்தா ஒருத்தனும் மூச்சு விட்டிருக்க மாட்டான். எனக்கு இந்தப் பேர் வந்திருக்காது."

"நீர் போகாட்டி போயிருப்பன். அதுக்குத்தான் நடைபாதையில நிண்டனான்."

"என்னத்துக்கு நிண்டனீங்கள்? நேரா நடந்திருக்கலாமே!"



"நான் போயிருந்தா," என்றாள் ஆரபி, "மிக்கோ மட்டும்தான் தப்பியிருப்பான். நீர் இல்லை."

கக்கத்தில் வெப்பமானி ஒலித்தது. சேயோன் அதை எடுக்கவில்லை.

2020 ஜூன் 30ஆம் தேதி ஹெரன்ஸ் அணி மிக்கோவின் ஒப்பந்தத்தை மேலும் இரண்டு வருடங்களுக்கு நீட்டித்தது. சேயோனின் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.