பதிகமும் தாலாட்டும்

"இந்தப் பதிகத்துக்கு வேறு பண் கொடுங்கள். இந்தப் பண்ணில் என்னால் பாட முடியவில்லை" என்று சோலையிடம் சொன்னான் சேந்தன்.

கோயிலில் உச்சிப்பூசைக்குப் பதிகம் பாடுவது அவன் பொறுப்பு. எட்டு மாதமாக அவன் வாய் திறந்து பாடவில்லை.

அவனுக்குப் பண்கள் கற்பித்தவள் சோலை. கோயிலில் யாழ் வாசிப்பவள். அவனைவிட ஏழு வயது இளையவள்.

"இந்தப் பண் என்ன செய்தது?"

"என் மகளை இந்தப் பண்ணில்தான் தொட்டிலாட்டித் தூங்க வைப்போம். நானும் பாடுவேன், கொற்றியும் பாடுவாள்."

மாசியில் வந்த காய்ச்சலில் குழந்தை போய்விட்டது. அன்றிலிருந்து அவன் மனைவி கொற்றி யாரோடும் பேசுவதில்லை.

சோலை யாழை எடுத்தாள். சொல் இல்லாமல் பண்ணை மட்டும் வாசித்தாள்.

"இது என்ன பாட்டு?"

"பதிகம்."

மறுபடி வாசித்தாள்.

"இது?"

சேந்தன் கண்ணை மூடிக் கேட்டான். பிறகு, "தாலாட்டு" என்றான்.

"என் விரல் எங்கே மாறியது?"

"மாறவில்லை."

"அப்புறம் எதை மாற்றித் தரச் சொல்கிறீர்?"

சோலை யாழைக் கீழே வைத்தாள்.

"நாளை உச்சிப்பூசைக்குப் பாட வாரும். கொற்றியையும் கூட்டி வாரும்."

"வேண்டாம் அம்மை. இதைக் கேட்டால் அவள் தாங்கமாட்டாள்."

"இப்போது தாங்குகிறாளா?"

மறுநாள் கொற்றியின் கையைப் பிடித்து அழைத்து வந்தான். அவள் மறுக்கவும் இல்லை, எங்கே என்று கேட்கவும் இல்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கல் சன்னல் வழியே வெயில் விழுந்தது. அதில் சாம்பிராணிப் புகை மெல்ல ஏறியது. சோலை யாழைத் தொட்டாள்.

சேந்தன் பாடத் தொடங்கினான். முதல் அடியிலேயே குரல் உடைந்தது. யாழ் நிற்கவில்லை. அவன் மறுபடி தொடங்கினான்.

அப்போது கொற்றியின் வலக்கையைப் பார்த்தான். அது மடியிலிருந்து எழுந்து, காற்றில் முன்னே போய்ப் பின்னே வந்தது. மறுபடி முன்னே. மறுபடி பின்னே.

அவன் பதிகத்துக்குத் தாளம் கட்டுகிறவன் இல்லை. நீட்டி, நின்று, மனம்போல் பாடுகிறவன். இன்று குரல் அந்தக் கையோடு போனது, அந்தக் கையோடு திரும்பியது. தீபம் ஏந்தி வந்த குருக்கள் அப்படியே நின்றுவிட்டார். புகைகூட அசைந்து அசைந்து ஏறுவதுபோல் இருந்தது.

இறைவன் பெயர் வரும் கடைசி அடிக்கு வந்தான். அதை மேல் சுரத்தில் எடுத்து, மண்டபம் அதிரப் பாடுவதுதான் முறை. சேந்தன் மூச்சை இழுத்துக் குரலை உயர்த்தினான்.

கொற்றி கையை நிறுத்தாமல் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"மெல்லப் பாடுங்கள்" என்றாள். "இப்போதுதான் கண் சொக்குகிறது."