கடலை குடித்த இயந்திரம்

வேங்கைமரக் காட்டில் இந்த முறையும் மழை ஏமாற்றிவிட்டது. மிருகங்கள் கூடிப் பயிர் செய்த வயல் வெடித்துக் கிடந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் எட்டாத ஆழத்தில். கையிருப்பு ஒரு பொந்து நிறைய நிலக்கடலைதான்.

குரங்கு ஊர்ப்பக்கம் போய், யாரோ தூக்கிப் போட்ட தண்ணீர் இயந்திரம் ஒன்றை இழுத்து வந்தது.

"இனி வானத்திடம் கெஞ்ச வேண்டாம்! இதற்கு எண்ணெய் ஊற்றினால் போதும், தண்ணீர் கொட்டும்!"

"எண்ணெய்க்கு எங்கே போவது?" என்றது முயல்.

"பொந்தில் இத்தனை கடலை இருக்கிறதே!"

யானை கடலையைப் பாறையில் பரப்பி, அதன்மேல் உட்கார்ந்தது. எண்ணெய் வழிந்தது. இயந்திரம் டபடபவென்று ஓடியது. தண்ணீரைப் பார்த்ததும் எல்லோரும் குதித்தார்கள். நான் அங்கிருந்தால் நானும்தான் குதித்திருப்பேன்.

ஆனால் அந்த இயந்திரத்தின் வயிறு லேசுப்பட்டதல்ல. பொந்து வேகமாகக் காலியானது. முயலின் குட்டிகள் பசியில் சிணுங்கின.

"பிள்ளைகளுக்கு ஒரு பிடியாவது கொடேன்!"

"பொறு! வயல் நனையட்டும், மூட்டை மூட்டையாகத் தின்னலாம்!" என்றது குரங்கு.

விதைக்கடலையும் போனது. குரங்கு அணிலைப் பிடித்தது.

"நீ புதைத்து வைத்ததை எடு!"

அணில் தலையைச் சொறிந்தது. "எங்கே புதைத்தேன் என்று மறந்துவிட்டதே!"

"உதவாக்கரை!"

ஒருவழியாக வயல் நிரம்பியது. "விதையைக் கொண்டு வாருங்கள்!" என்று குரங்கு கூவியது.

யானை மெல்லத் தன் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தது. அங்கே ஒட்டியிருந்தது கடலைத் தோல் மட்டும்தான்.

"குளம் பிரமாதம்!" என்றது தவளை.

முயல் குட்டிகளை அணைத்துக்கொண்டு அழுதது. காய்ந்த வேர்களைக் கொறித்துத்தான் குட்டிகள் உயிர் பிழைத்தன.

சில நாட்களில் வரப்போரம் பச்சைத் தளிர்கள் எட்டிப் பார்த்தன. அணில் மறந்த கடலை! யானை வயல் தண்ணீரைத் தும்பிக்கையால் மொண்டு ஊற்றி அவற்றைக் காப்பாற்றியது. செடிகள் காய்த்தன. குட்டிகள் வயிறாரத் தின்றன.

குரங்கு இயந்திரத்தைத் தட்டிக் கொடுத்தது. "மீதியைப் பிழிந்தால், அடுத்த போகத்துக்கு..."

யானை நேராகப் போய் இயந்திரத்தின்மேல் உட்கார்ந்தது.

தின்ன வைத்திருப்பதை எரித்துவிட்டு விளைச்சலுக்குக் காத்திருப்பவன், பசியைத்தான் அறுவடை செய்வான்.