ருசிராயருக்கு மொட்டை

முன்னொரு காலத்தில், மேகம் வீட்டுக்குள் வந்து போகும் மஞ்சுக்கோட்டை என்ற மலைநாட்டைக் கொற்றமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒன்று சொல்வார், மதியம் அதையே மாற்றிச் சொல்வார். அவருக்குச் சாப்பாடு பிடித்துப்போனால் அன்று நாட்டுக்கே நல்ல நாள்.

ஒருமுறை காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு நாக்கு செத்துப்போயிற்று. எதைத் தின்றாலும் மண்ணாக இருந்தது. அப்போது கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் ஒரு தொட்டிச் செடியைக் காணிக்கையாக வைத்துவிட்டுப் போனான். மலையில் அதுவரை யாரும் பார்க்காத மிளகாய்ச் செடி. தோட்டக்காரி பூவாத்தாள் அதை வளர்த்து, நாலு பழம் பறித்துத் துவையல் அரைத்து அனுப்பினாள். ராஜா ஒரு வாய் வைத்தார். காது அடைத்தது, கண்ணிலும் மூக்கிலும் நீர் ஊற்றியது. "போன உயிர் திரும்பிவிட்டது" என்று அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

அவருக்கு நன்றி பொங்கிவிட்டது. செடிக்கு 'ருசிராயர்' என்று பட்டம் கொடுத்து, சபையில் தமக்கு வலப்பக்கத்தில் ஆசனமும் போட்டார். அதுவரை அந்த இடத்தில் இருந்தவர் அம்பலவாணர். எண்ணெய் மினுங்கும் கொண்டையில் தினமும் தாழம்பூ வைத்துவரும் பெரிய மனிதர். ஒரு தொட்டிக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்த நாளிலிருந்து, மிளகாய் தின்னாமலே அவர் வயிறு எரிந்தது.

மார்கழி பிறந்தது. உறைபனியில் ருசிராயரின் இலைகள் கருகத் தொடங்கின. பூவாத்தாள் தொட்டியை அடுப்படிக்குத் தூக்கிப்போனாள். காய்களைப் பறித்தாள், இலைகளை உருவினாள், கிளைகளை ஒட்ட வெட்டினாள். ஒரு சாண் குச்சிதான் மிச்சம். புது மண் போட்டு, அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வைத்தாள்.

அம்பலவாணருக்கு இது போதாதா? தொட்டியைச் சபைக்குத் தூக்கிவரச் செய்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினார். "மகாராஜா, ருசிராயரைக் கொன்றுவிட்டாள். எனக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன் மாதிரி."

"கொல்லலீங்க சாமி, தூங்க வெச்சிருக்கேன்" என்றாள் பூவாத்தாள். "மாசி வெயில் வந்தா தானா எந்திரிச்சிரும்."

"மொட்டைக் குச்சிக்குத் தூக்கமாம்" என்று சீறினார் ராஜா. "நாளைக்கே இந்த மலையை விட்டு இறங்கிவிடு."

பிறந்ததிலிருந்து அவள் மலை இறங்கியதே இல்லை. மந்திரி நல்லசிவம் மெல்ல எழுந்து வந்து, குச்சியின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "உள்ளே பச்சை இருக்கிறதே, மகாராஜா."

"செத்த அன்றைக்கு எல்லா உடம்பும் அப்படித்தான் இருக்கும்" என்றார் அம்பலவாணர்.

"சரி, செத்தார் என்றே வைப்போம்" என்றார் மந்திரி. "அண்ணன் செத்தால் தம்பி என்ன செய்ய வேண்டும்?"

அம்பலவாணரின் கை தானாகக் கொண்டைக்குப் போயிற்று. "இல்லை, ஒருவேளை உயிர் இருந்தாலும் இருக்கும்."

"உயிர் இருந்தால் இது வேண்டுதல் மொட்டை. ராஜாவின் நாக்குக்காக ருசிராயர் முடி கொடுத்திருக்கிறார். அண்ணன் முடி இறக்கி நிற்க, தம்பி தாழம்பூவோடு நின்றால் நன்றாகவா இருக்கும்?"

"அது வெறும் செடி ஐயா!"

"வெறும் செடியா?" என்றார் ராஜா. "அப்படியானால் இவ்வளவு நேரம் யாருக்காக அழுதீர்?" ராஜாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "நாவிதரைக் கூப்பிடுங்கள். இரண்டு மொட்டையும் வளரட்டும். பங்குனி முதல் நாளுக்குள் செடி துளிர்க்காவிட்டால் பூவாத்தாள் போகத்தான் வேண்டும்."

மார்கழிக் குளிரில் மொட்டைத் தலையோடு எங்கே போவது? அரண்மனையில் சூடான இடம் அடுப்படி ஒன்றுதான். அம்பலவாணர் அங்கே போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள், வேர் அழுகட்டும் என்று ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினார். பூவாத்தாள் பார்த்துவிட்டாள்.

"ஐயா, பனிக்காலத்துல அதுக்குப் பத்து நாளைக்கு ஒரு கை தண்ணி போதும். இந்தக் குளிர்ல உங்க தலையில ஒரு குடம் ஊத்துனா தாங்குவீங்களா?"

சொல்லிவிட்டு, தன் கம்பளியை எடுத்து அவர் தலையில் போர்த்தினாள். சூடாகக் கஞ்சியும் கொடுத்தாள். தன்னை விரட்டப் பார்த்த மனிதருக்கு. அம்பலவாணர் குடத்தை இறக்கிவைத்தார். அன்றிலிருந்து வேறு யாரும் தொட்டியில் தண்ணீர் ஊற்றிவிடாமல் காவல் இருந்தவர் அவர்தான்.

மாசிக் கடைசியில் ஒரு காலை, குச்சியின் கணுவில் கடுகளவு பச்சை தெரிந்தது. அம்பலவாணர் தம் தலையைத் தடவிப் பார்த்தார், பிறகு அதைத் தடவினார். மேல்துண்டு நழுவுவதுகூடத் தெரியாமல் சபைக்கு ஓடினார். "மகாராஜா, அண்ணன் கண் விழித்துவிட்டார்!"

பங்குனி முதல் நாள் தொட்டி சபைக்கு வந்தது. இளம் இலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளை மொட்டு. "மொட்டை என்று நீங்கள் சொன்னது சரிதான், மகாராஜா" என்றார் மந்திரி. "கடைசி எழுத்தை மாற்றிக்கொள்ளத்தான் அதற்குப் பனி முடிய வேண்டியிருந்தது."

ராஜா சிம்மாசனத்தை விட்டு இறங்கிப் பூவாத்தாளை நோக்கிக் கைகூப்பினார். "என் நாக்கை மீட்டவளையே விரட்டப் பார்த்தேன். என்ன வேண்டும், கேள் அம்மா."

"ருசிராயரை இந்த ஆசனத்துல இருந்து எறக்கிடுங்க சாமி. சபைக்குள்ள வெயில் இல்ல, வாசல்ல இருந்தா நல்லாக் காய்க்கும். நான் எடுத்து வெச்ச விதைய ஊருக்கெல்லாம் கொடுங்க. இந்த எடத்த ஐயாவுக்கே கொடுத்துருங்க."

அம்பலவாணர் ஆசனத்தில் உட்காரவில்லை. கண் கலங்க அவளைக் கும்பிட்டுவிட்டு, தொட்டியைத் தம் கையாலேயே வெயிலுக்குத் தூக்கிப்போனார்.

அதன் பிறகு மஞ்சுக்கோட்டையில் மார்கழி வந்தால் வீட்டுக்கு வீடு மிளகாய்ச் செடிக்கு மொட்டை போட்டு அடுப்படியில் வைப்பார்கள். அதே நாளில் அம்பலவாணரும் போட்டுக்கொள்வார், யாரும் சொல்லாமலே.