நேரில் வரவும்

ஒரு பல்கலைக்கழகத்தில் அரங்கநாயகம் என்றொரு பதிவாளர் இருந்தார். "மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி இடம் உண்டு, நேரில் வரவும்" என்று பேப்பரில் பெரிதாக விளம்பரம் போடுவார். சேர்க்கை அறையோ மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. "கூப்பிட்டும் ஒருத்தரும் வரலையே" என்று அந்த இடங்களை வருஷா வருஷம் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்.

இந்த வருஷம் சேர்க்கையின் கடைசி நாளன்று ஜெயசீலி என்ற பெண் தன் மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு, இல்லை, கையால் சுற்றிக்கொண்டு வந்து படிக்கட்டின் முன் நின்றாள். வாட்ச்மேன் மேலே போய்ச் சொன்னார். பதிவாளர் எட்டிப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்குள்ள மேல வந்துடும்மா. இல்லேன்னா நீ வரலைன்னுதான் எழுதுவேன்."

 ஜெயசீலி நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

"விளம்பரத்துல நேரில் வரவும்னுதானே சார் இருக்கு? மேலே வரவும்னு இல்லையே. நான் நேர்ல வந்துட்டேன். இன்னும் வராதது நீங்கதான்."

சுற்றி நின்ற பெற்றோர்கள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. பதிவாளர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கையெழுத்துப் போடும்போதும் மூச்சு வாங்கியது.

"அப்படி என்னதாம்மா படிக்கப் போற?"

"கட்டடக்கலை சார். உங்க முழங்காலுக்கும் நல்லது."